அதுக்கு முன்னாடி டீச்சர்

அவர் பெயரை எழுதப் போவதில்லை. எழுதினாலும் எங்கள் பள்ளிக்கூடத்தில் படித்தவர்களுக்கு யாரென்று தெரியாது. அவர்களுக்கு அவர் ‘அதுக்கு முன்னாடி டீச்சர்’. முதுகுக்குப் பின்னால் வைத்த பட்டப்பெயர்தான். ஆனால் அவர் காதில் விழும்படியே சொல்வார்கள். அவரும் “இன்னாடா?” என்று திரும்பிப் பார்ப்பார்.

1991. ஸ்ரீபெரும்புதூர் என்று சொல்லி டிக்கெட் எடுத்தாலே பக்கத்து சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்த வருஷம். தண்டலம் தாண்டி ஹைவே ஓரத்தில் இருந்த ஒரு பாதிரியார் பள்ளிக்கூடத்தில் நான் கணக்கு டீச்சர். என் கையில் எப்போதும் ஒரு மர ஸ்கேல் இருக்கும். அது கோடு போடுவதற்கு மட்டும் அல்ல என்பது என் வகுப்புப் பிள்ளைகளுக்கு நன்றாகவே தெரியும்.

அந்தக் கோடை விடுமுறையில் எங்கள் தாளாளர் ஃபாதர் வெளிநாடு போய்விட்டு வந்தார். வரும்போது எல்லோருக்கும் சாக்லேட்டும், பள்ளிக்கூடத்துக்கு ஒரு யோசனையும் கொண்டு வந்தார். அங்கெல்லாம் பள்ளிக்கூடத்தில் சைக்காலஜி படித்த ஒருவரை வேலைக்கு வைத்திருக்கிறார்களாம், நமக்கும் ஒருவர் வேண்டுமாம். யோசனை நல்லதுதான். ஆனால் அப்படி ஒரு வேலையே நம் ஊர்ப் பள்ளிக்கூடங்களில் கிடையாது. காலியாக இருந்தது தையல் டீச்சர் இடம் ஒன்றுதான். ஆகவே, எம்.ஏ. சைக்காலஜி படித்த ஒரு பெண்மணி ஜூன் மாதம் எங்கள் பள்ளியில் தையல் டீச்சராகச் சேர்ந்தார். அவருக்கு ஊசியில் நூல் கோர்க்கக்கூடத் தெரியாது.

ராயபுரத்துக்காரர். நல்ல உயரம். ஆம்பிளை நடை. வெயில் இருந்தாலும் இல்லாவிட்டாலும் கக்கத்தில் ஒரு குடை. எம்.ஏ. படித்தவர் என்றதும் நாங்கள் எல்லோரும் இங்கிலீஷில் பேசுவார் என்று பயந்துகொண்டிருந்தோம். அவர் ஸ்டாஃப் ரூமுக்குள் வந்து, “இன்னா மிஸ், ஃபேன் ஒண்ணுதானா கீது?” என்று கேட்டார். அந்த நிமிஷமே எனக்கு அவரைப் பிடித்துப்போய்விட்டது. அவர் செய்கிற வேலைதான் பல மாதம் பிடிபடவில்லை.

எங்கள் ஹெச்.எம். அவருக்கு ஒரு அறையை ஒழித்துக் கொடுத்தார். வாசலில் ‘மனநல ஆலோசகர்’ என்று போர்டு வைத்தார். பார்த்துவிட்டு இரண்டு தாய்மார்கள் காய்ச்சலோடு பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வந்து ஊசி போடச் சொன்னார்கள். ஹெச்.எம்.முக்கோ வேறொரு கணக்கு. எங்கள் பள்ளியில் வெள்ளிக்கிழமை பிரேயரில்தான் அந்த வாரத்துக் குற்றவாளிகளுக்கு எல்லார் முன்னாலும் பிரம்படி. அடி வாங்கியவர்களை அப்படியே வரிசையாக இந்த அறைக்கு அனுப்பினால் டீச்சர் மிச்சத்தைப் பேசித் திருத்திவிடுவார் என்று நினைத்துக்கொண்டிருந்தார். நான் பாதி, நீ பாதி என்கிற ஏற்பாடு.

முதல் வெள்ளிக்கிழமை வந்த பையனை அவர் கேட்ட முதல் கேள்வியே, “அதுக்கு முன்னாடி இன்னா நடந்துச்சு?” என்பதுதான். பையன் ஜாமெட்ரி பாக்ஸால் பக்கத்துப் பையன் மண்டையில் போட்டவன். அதுக்கு முன்னாடி அவன் இவனை ஏதோ சொன்னான். அதுக்கு முன்னாடி? இவன் அவன் இடத்தில் உட்கார்ந்தான். அதுக்கு முன்னாடி? இவன் இடத்தில் ஓட்டிலிருந்து மழைத் தண்ணீர் சொட்டியது. டீச்சர் எழுந்து போய் ஹெச்.எம்.மிடம், “சார், ஆறாம் கிளாஸ்ல ஒரு ஓடு மாத்தணும்” என்றார். ஹெச்.எம். பிரம்பைக் கையில் வைத்துக்கொண்டு அவரை அப்படிப் பார்த்ததை நான் மறக்கவே மாட்டேன். அடுத்த வாரமே டீச்சர் அந்த அறையைப் பூட்டிச் சாவியை டிரில் மாஸ்டரிடம் கொடுத்துவிட்டார். வாலிபால் நெட் வைக்க அவருக்கு இடம் இல்லாமல் இருந்தது.

அதன் பிறகு அவரைப் பார்க்க வேண்டுமென்றால் கேட்டில் பார்க்கலாம். காலையில் பிள்ளைகள் உள்ளே வரும்போது ஓரமாக நின்று ஒவ்வொரு முகமாகப் பார்ப்பார். பெயர் சொல்லிக் கூப்பிடுவார். ஏதாவது ஒரு முகம் சரியில்லை என்றால் அந்தப் பிள்ளையிடம் ஒரு சாக்பீஸ் டப்பாவைக் கொடுத்து, “இத்த கணக்கு மிஸ்ஸாண்ட குடுத்துட்டு வா” என்று அனுப்புவார். முதல் தடவை அந்த டப்பா என்னிடம் வந்தபோது, “நான் கேக்கவே இல்லையே, கொண்டுபோ” என்று திருப்பி அனுப்பிவிட்டேன். பையன் கேட்டுக்குப் போனான். திரும்பி வந்தான். நான் மறுபடி அனுப்பினேன். மூன்றாவது தடவை டீச்சரே வந்தார்.

“இன்னா மிஸ், சாக்பீஸா விசயம்? அவன் காலையில வூட்டுல செமத்தியா வாங்கிகினு வந்துகிறான். இன்னைக்கு எங்கயாவது வெடிப்பான். அதுக்குள்ள நீங்க ஒரு வார்த்த நல்லதா சொல்லி அனுப்புவீங்கன்னு பாத்தா…”

“அத டப்பால எழுதி வெச்சிருக்கலாம்ல?” என்றேன் எரிச்சலாக.

அவர் இடி இடிப்பது போலச் சிரித்தார். அப்புறம் எல்லா டீச்சர்களுக்கும் விஷயம் தெரிந்துவிட்டது. சாக்பீஸ் டப்பாவோடு ஒரு பிள்ளை வந்தால் ஸ்கேலைக் கீழே வைத்துவிட வேண்டும். இதில் வேடிக்கை, ஒரு நாள் மாமியாரோடு பாலுக்காகச் சண்டை போட்டுவிட்டு நான் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டுக்குள் நுழைந்தேன். அவர் டப்பாவை என் கையில் வைத்தார். “யாராண்ட குடுக்கணும்?” என்று கேட்டேன். “யாராண்டயும் வேணாம், ஒரு சுத்து சுத்திட்டு வாங்க” என்றார். சுற்றிவிட்டுத்தான் வந்தேன்.

என் பத்தாம் வகுப்பில் மோகன் என்று ஒருவன். போர்டுக்குக் கூப்பிட்டால் போதும், ஹெச்.எம். தொண்டையைச் செருமுவதுபோல் அச்சு அசலாகச் செருமுவான். வகுப்பு விழுந்து விழுந்து சிரிக்கும். நான் அவனை வெளியே அனுப்புவேன். வாரத்தில் பாதி நாள் அவன் வராந்தாவில்தான் நின்றான். அதுக்கு முன்னாடி டீச்சர் ஒரு நாள் என் வகுப்பில் கடைசி பெஞ்சில் வந்து உட்கார்ந்து பார்த்தார்.

“மிஸ், அவன் கணக்கு போட்டுத் தப்பாகி செருமல. கணக்கு போடறதுக்கு முன்னாடியே செருமறான். நீங்க வெளிய அனுப்பிட்டா அவனுக்கு ஜாலி. அவனுக்குக் கணக்கு வராதுன்னு யாருக்கும் தெரியாது.”

“அதுக்கு நான் என்ன பண்ணணும்? ஆரத்தி எடுத்துக் கூப்பிடணுமா?”

“நாளைக்கு எந்தக் கணக்குக்குக் கூப்புடுவீங்கன்னு இன்னைக்கே அவனாண்ட மட்டும் சொல்லிடுங்க.”

கேள்வித்தாளை முதல் நாளே கொடுப்பதுபோல் இருக்கிறதே என்று எனக்கு மனசே வரவில்லை. சொல்லிப் பார்த்தேன். மறுநாள் மோகன் போர்டுக்கு வந்தான். செருமவில்லை. பாதிக் கணக்கு வரை சரியாகப் போட்டான், அப்புறம் நின்றான். மீதியை நான் சொல்லச் சொல்லப் போட்டு முடித்தான். போய் உட்கார்ந்தபோது அவன் காதெல்லாம் சிவந்திருந்தது. எனக்கு ஒரே சந்தோஷம். கூடவே, இத்தனை சின்ன விஷயம் நமக்குத் தோன்றவில்லையே என்று அந்த அம்மாள் மேல் கொஞ்சம் கோபமும்தான்.

இப்போது பஸ் விஷயத்துக்கு வருகிறேன்.

எங்கள் பிள்ளைகளில் பாதிப்பேர் சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்து ஒரே டவுன் பஸ்ஸில் வந்தார்கள். ஏரிப் பக்கத்து ஊர்ப் பையன்களுக்கு ஏரி பசங்க என்று பெயர். ரோட்டோரத்து ஊர்க்காரர்கள் ரோடு பசங்க. வருஷம் முழுக்க இவர்கள் முறைத்துக்கொள்வார்கள். அரையாண்டுப் பரீட்சையின் கடைசி நாள் பஸ் ஸ்டாப்பில் அடித்துக்கொள்வார்கள். அது எங்கள் பள்ளியின் திருவிழா மாதிரி, தவறாமல் நடக்கும். போன வருஷம் நடந்ததில் பஸ்ஸின் பின் கண்ணாடி நொறுங்கிப்போயிற்று. டிப்போவிலிருந்து ஒரு அதிகாரி வந்து, இன்னொரு தடவை ஒரு கல் விழுந்தாலும் வண்டி இந்த ஸ்டாப்பில் நிற்காது என்று ஹெச்.எம்.மிடம் சொல்லிவிட்டுப் போனார்.

பையன்களுக்கு அதனால் பெரிய நஷ்டமில்லை. சைக்கிளில் வருவார்கள், லாரியில் தொற்றிக்கொண்டு வருவார்கள். பெண் பிள்ளைகள்? அவர்களில் ஒருத்தி செல்வி. பத்தாம் வகுப்பு. இன்ஸ்பெக்ஷன் அன்று, பேருக்குத் தையல் டீச்சரான நம் டீச்சருக்கு, பெஞ்சுக்கு அடியில் ஊசியில் நூல் கோர்த்துக் கொடுத்துக் காப்பாற்றியவள். கணக்கில் என்னையே திருத்துவாள். அவள் அப்பா அம்பத்தூரில் ஒரு கம்பெனியில் ஷிஃப்ட் வேலை. அவர் ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டாராம். செல்வி அதை என்னிடம் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

“பஸ் நிக்கலன்னா நீ ஸ்கூல்லேந்து நின்னுடுன்னு எங்கப்பா சொல்லிட்டாரு மிஸ். அடுத்த ஸ்டாப்புலேந்து ஹைவேல நடந்து வர வுட மாட்டாராம்.”

பொதுப் பரீட்சைக்கு மூன்று மாதம்தான் இருந்தது.

டிசம்பரில் ஹெச்.எம். போலீஸைக் கூப்பிடலாம் என்றார். டிரில் மாஸ்டர் லத்தி கேட்டார். நம் டீச்சர் மட்டும், “அதுக்கு முன்னாடி?” என்று ஆரம்பித்தார். எல்லோருக்கும் கடுப்பு. அவர் அதே பஸ்ஸில் பல நாள் போய்வந்தார். பையன்களோடு ஃபுட்போர்டு பக்கம் நின்று கதை கேட்டார். சத்துணவுக் கூடத்து ஆயாவோடு உட்கார்ந்து பேசினார். கடைசியில் ஸ்டாஃப் ரூமில் வந்து சொன்னார்.

“கடைசிப் பரீட்ச பன்னெண்டரைக்கு முடிஞ்சுடுது. பஸ்ஸு ரெண்டு மணிக்கு. அன்னைக்கு லீவுக்காக அண்டா கழுவி வெக்கணும்னு ஆயா சோறு ஆக்கறது இல்ல. அவ்ளோ பசங்களும் காலையிலேந்து வெறும் வயிறு. வெயில்ல, வேல இல்லாம, பேனாவுல இங்க்கோட நிக்கறாங்க. அடிச்சிக்காம இன்னா மிஸ் பண்ணுவாங்க?”

வருஷா வருஷம் அண்டா கழுவியதை நாங்கள் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அதையும் சண்டையையும் ஒருவரும் சேர்த்துப் பார்க்கவில்லை.

“இன்னொண்ணு சார்,” என்று ஹெச்.எம். பக்கம் திரும்பினார். “நீங்க தப்பா நெனைக்கக் கூடாது. வருஷா வருஷம் பிரேயர்ல நீங்க ஒரு அறிவிப்பு பண்றீங்களாமே, கடைசி நாள் பஸ் ஸ்டாப்புல எவனாவது அடிச்சிக்கினா தோல உரிச்சிடுவேன்னு? இந்த வருஷம் அது வேணாம். அத்தக் கேட்டுதான் ஆறாம் கிளாஸ் பசங்களுக்கே சண்ட என்னைக்கு, எங்கன்னு தெரியுது.”

ஹெச்.எம். முகம் போன போக்கைச் சொல்ல முடியாது. பாவம், தடுப்பதாக நினைத்து வருஷா வருஷம் அவரேதான் தேதி குறித்துக் கொடுத்திருக்கிறார். “நான் என்னதான் சொல்றது அப்ப?” என்று கேட்டார். “அவங்க இன்னா செய்யக் கூடாதுன்னு சொல்லாதீங்க. அன்னைக்கு இன்னா செய்யப் போறாங்கன்னு சொல்லுங்க” என்றார் டீச்சர்.

பரீட்சை வாரத்துக்கு முந்தின வெள்ளிக்கிழமை. ஹெச்.எம். மேடை ஏறினார். செருமினார். மோகன் வரிசையில் சிலர் சிரித்தார்கள். “கடைசிப் பரீட்சை அன்னைக்கு…” என்று கர்ஜித்தார். எனக்குத் திக்கென்றது. பழக்க தோஷம், வாய் தானாகப் போய்விட்டது. ஓரத்தில் குடையோடு நின்ற டீச்சரை அவர் பார்த்தார். டீச்சர் இவரைப் பார்த்தார். ஹெச்.எம். எச்சில் விழுங்கினார். “கடைசிப் பரீட்சை அன்னைக்கு… சாம்பார் சாதம்!” என்று அதே கர்ஜனையில் முடித்தார். பள்ளிக்கூடமே கைதட்டியது. அதற்கு முன் அவருக்கு யாரும் கைதட்டி நான் பார்த்ததில்லை.

அரிசி, பருப்பு எல்லாம் டீச்சர்களே ஆளுக்குக் கொஞ்சம் கொண்டு வந்தோம். கடைசி நாள் மணி அடித்ததும் பையன்கள் வெளியே பாய்ந்து வந்தார்கள். மரத்தடியில் வரிசையாக இலை போட்டிருந்தது. யார் பரிமாறுவது என்பதை டீச்சர் முன்பே முடிவு செய்து வைத்திருந்தார். யார் யார் கை முதலில் நீளும் என்று நாங்கள் பயந்தோமோ அவர்கள் கையிலெல்லாம் வாளி. ரோடு பசங்களின் தலைவன், அதே செருமல் மோகன், ஏரி பசங்க வரிசைக்கு. ஏரி பசங்களின் தலைவன் டேவிட் ரோடு வரிசைக்கு.

“வாளியப் புடிச்சவன் எப்டி மிஸ் சட்டையப் புடிப்பான்?” என்று டீச்சர் என் காதில் சொன்னார்.

நடுவில் ஒரு கண்டம் வந்தது. டேவிட் ஊற்றிய சாம்பார் ஒரு ரோடு பையனின் வெள்ளைச் சட்டையில் விழுந்தது. இரண்டு பேர் எழுந்துவிட்டார்கள். டிரில் மாஸ்டர் ஓடப் பார்த்தார். டீச்சர் அவர் கையைப் பிடித்து நிறுத்திவிட்டு, இருந்த இடத்திலிருந்தே கத்தினார்: “டேய் டேவிட், சட்டைக்கு ஊத்துன வரைக்கும் போதும், இலைக்கும் கொஞ்சம் ஊத்துடா!” குபீரென்று சிரிப்பு. சட்டைக்காரனும் சிரித்துவிட்டான். வேறு வழி இல்லை அவனுக்கு.

பஸ் வரும் நேரம் நெருங்கியது. எல்லோரும் ரோட்டுக்கு வந்தோம். மோகன் கையில் ஒரு பெரிய தூக்குவாளி. டிரைவருக்கும் கண்டக்டருக்கும் சோறு. அவர்கள் கடைசி ஊர் போய்ச் சேர்ந்த பிறகுதான் சாப்பிடுகிறார்கள் என்பதை டீச்சர் பஸ்ஸில் போகும்போது கவனித்திருந்தார். அதைக் கொடுக்கும் பொறுப்பு மோகனுடையது.

பஸ் வந்தது. நிற்கவில்லை.

போன வருஷம் கண்ணாடி உடைந்த பயம் போலும். எங்களைக் கண்டதும் டிரைவர் வேகம் கூட்டினார். வண்டி புழுதியைக் கிளப்பிக்கொண்டு எங்களைத் தாண்டிப் போயிற்று. பெண் பிள்ளைகள் முன்னால் நின்றிருந்தார்கள். செல்வி நீட்டிய கையை அப்படியே வைத்துக்கொண்டு நின்றாள். நான் டீச்சரைப் பார்த்தேன். இதற்கு அவரிடம் எந்த யோசனையும் இல்லை. ரோடு ஓரத்தில் ஜல்லி கொட்டியிருந்தார்கள். அதன் பக்கம் நாலைந்து கைகள் குனிவதைப் பார்த்தேன். முடிந்தது என்று நினைத்தேன்.

“யோவ்! சோறுய்யா!”

மோகன். தூக்குவாளியை மார்போடு அணைத்துக்கொண்டு பஸ்ஸின் பின்னால் ஓடினான். அவனுக்குக் கொடுத்திருந்த வேலை சோற்றைச் சேர்ப்பது, சோறு அவன் கையில் இருந்தது, சேர வேண்டிய பஸ்தான் போய்க்கொண்டிருந்தது. “டேய், மூடி! மூடி வுழுந்துட்ச்சு!” என்று கத்திக்கொண்டே டேவிட் மூடியைப் பொறுக்கிக்கொண்டு அவன் பின்னால் ஓடினான். அவனைப் பார்த்து ஏரி பசங்க ஓடினார்கள். ரோடு பசங்களும் ஓடினார்கள். ஜல்லியில் குனிந்தவர்கள் என்ன நடக்கிறது என்று புரியாமல் வெறுங்கையோடு நிமிர்ந்து, அவர்களும் ஓடினார்கள்.

டிரைவர் கண்ணாடியில் பார்த்திருக்க வேண்டும். கொஞ்ச தூரத்தில் வண்டி நின்றது. கண்டக்டர் பின்வாசலில் தலையை நீட்டி, “கிட்ட வராத! இன்னாடா அது கையில?” என்றார்.

“சாம்பார் சோறுண்ணே! உங்களுக்குத்தான். நிறுத்தாம போனா எப்டிண்ணே குடுக்கறது?” மோகனுக்கு மூச்சு வாங்கியது, அழுகையும் வந்துவிட்டது.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது டிரைவர் வண்டியின் நிழலில் குந்தி உட்கார்ந்து தூக்குவாளியைத் திறந்திருந்தார். ஒரு வாய் சாப்பிட்டார். “இந்த ரூட்ல எவ்ளோ வருசமா ஓட்டறேன், ஒரு ஸ்டாப்லயும் ஒருத்தனும் சாப்ட்டியான்னு கேட்டதில்லப்பா” என்றார். கண்டக்டர் ஹெச்.எம்.மிடம், “லீவு முடிஞ்சு வரட்டும் சார். நிக்கும். டிப்போல நாங்க சொல்லிக்கறோம்” என்றார். பெண் பிள்ளைகள் ஏறினார்கள். பஸ் நகரும்போது செல்வி ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, “மிஸ், ஜனவரில பாக்கலாம்!” என்று கத்தினாள். ஜனவரியில் வந்தாள். மார்ச்சில் பொதுப் பரீட்சையும் எழுதினாள்.

ஸ்கூலுக்குத் திரும்பி வந்தோம். ஹெச்.எம்.முக்குக் கால் தரையில் பாவவில்லை. டீச்சரை விடவே இல்லை. “டீச்சர், முழு ஆண்டுப் பரீட்சைக்கும் இப்படியே பண்ணிடலாம். நான் பிரேயர்ல என்ன பேசணும்னு இப்பவே சொல்லிடுங்க. பாயசம் வெச்சா எப்படி இருக்கும்? வெல்லப் பாயசமா, பால் பாயசமா…”

“சார், கொஞ்ச நேரம் சும்மா கீறீங்களா? எப்பப் பாத்தாலும் தொணதொணன்னு! ஒரு மனுசிய நிம்மதியா உக்கார வுட மாட்டீங்களா?”

டீச்சர் அப்படிக் கோபப்பட்டு யாரும் பார்த்ததில்லை. கையிலிருந்த குடையை வேறு தரையில் எறிந்துவிட்டார். நான் மெல்லச் சமையல் கூடத்துக்குப் போய்ப் பார்த்தேன். ஆயா அண்டா கழுவிக்கொண்டிருந்தார். டீச்சர் மட்டும் சாப்பிட உட்காரவே இல்லை, இப்போது ஒரு பருக்கையும் மிச்சமில்லை என்றார். வெளியே வந்து ஹெச்.எம்.மிடம் சொன்னேன். அவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஹைவே டீக்கடைக்குப் போனார். நாலு பன்னும் ஒரு சொம்பு நிறைய டீயும் வாங்கிக்கொண்டு வந்து, ஒரு வார்த்தையும் பேசாமல் டீச்சர் பக்கத்தில் வைத்துவிட்டுத் தள்ளி நின்றுகொண்டார்.

அத்தனை பேர் கூடியிருந்த அந்தக் கடைசி நாளில் எங்கள் பள்ளிக்கூடத்தில் சண்டை போட்டது டீச்சர் ஒருவர்தான்.